வெப்ப சிகிச்சை: அதன் பயனும் அதன் எல்லையும்



அண்மைக் காலமாக நமது மலாக்கா மாநிலத்து நகரங்களிலும், தோட்டங்களை அடுத்த தாமான்களிலும் ஒரு புதிய வியாபாரம் பரவி வருகிறது. மரப்பெட்டி போன்ற சிறு அறை, உடலைச் சுற்றிக்கொள்ளும் மின்கம்பளம், மேசைமேல் வைக்கும் சிவப்பு விளக்கு ஆகியவற்றைக் காட்டி, "அகச்சிவப்புக் கதிர் வெப்பத்தால் நோய் தீரும்" என்று விற்கிறார்கள். சிலர் மண்டபங்களில் கூட்டம் கூட்டி, முதல் சில நாட்களுக்கு இலவசமாக உட்காரவைத்து, பிறகு தவணை முறையில் விற்பதும் உண்டு.

நம் கடைக்குச் சாமான் வாங்க வருவோர் இதைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். "இந்தச் சூடு உடம்புக்கு நல்லதா?" என்பது முதற் கேள்வி. "இதை வாங்கினால் மாத்திரையை விட்டுவிடலாமா?" என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்விக்கு விடை: ஆம், அளவோடு நல்லது. இரண்டாவது கேள்விக்கு விடை: ஒருபோதும் விடலாகாது. இவ்விரண்டு விடைகளுக்கும் உரிய காரணங்களை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும் சரக்கின் தரம் வேறு, அதன்மேல் ஒட்டிய சீட்டின் வாசகம் வேறு என்பதை வியாபாரிகளாகிய நாம் நன்கு அறிவோம்.

வெப்பம் உடலில் செய்யும் வேலை

தேகத்தின் ஓர் இடத்தில் சூடு படும்போது அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்த ஓட்டம் மிகுகிறது. இறுகிக் கிடந்த தசைகள் தளர்கின்றன. மூட்டுகளைச் சுற்றியுள்ள நார்கள் இளகி, மடக்கி நீட்டுவது எளிதாகிறது. அன்றியும், சூட்டை உணரும் நரம்புகள் மூளைக்கு அனுப்பும் செய்தி, வலியின் செய்தியை ஓரளவு அமுக்கிவிடுகிறது. ஒத்தடம் கொடுத்தவுடன் "அப்பாடா" என்று ஒரு சுகம் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

ஓர் இடத்துக்கு மட்டும் அன்றி உடல் முழுமைக்கும் சூடு ஏறினால் வேறு சிலவும் நிகழ்கின்றன. இருதயம் வேகமாகத் துடிக்கிறது. வியர்வை பெருகுகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் யாவும் விரிவதால் இரத்த அழுத்தம் தற்காலிகமாகத் தாழ்கிறது. விறுவிறுப்பாக நடந்தவனின் உடலில் நிகழ்வதற்கு ஏறக்குறைய ஒப்பான நிலை இது. திடகாத்திரமானவனுக்கு இது நன்மை தரலாம். பலவீனமான இருதயம் உடையவனுக்கோ இது ஒரு பாரம். ஒரே சூடு ஒருவனுக்குப் பயனாகவும் மற்றொருவனுக்குக் கேடாகவும் இருப்பதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது.

நம்மவரும் அண்டை வீட்டாரும் முன்பே அறிந்தவை

வெப்ப சிகிச்சை நமக்குப் புதியதன்று. சித்த வைத்தியத்தில் வெளியே பயன்படுத்தும் புறமருந்துகள் முப்பத்திரண்டு என்று வகுத்திருக்கிறார்கள். அவற்றில் ஒற்றடமும் வேதும் இரண்டு. உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து வலித்த இடத்தில் ஒற்றுவது ஒற்றடம். நொச்சி இலையைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் ஆவி பிடிப்பது வேது. பால் மரம் வெட்டிய காலத்தில் இடுப்பு வலியோடு லயத்துக்குத் திரும்பிய நம் பாட்டன் பாட்டிமாருக்கு, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கிடைத்த முதல் மருந்து அடுப்படியில் இருந்த உப்பு முடிச்சுதான்.

அண்டை வீட்டு மலாய்க்காரரிடமும் இது உண்டு. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஆற்றுக் கல்லையோ இரும்புக் குண்டையோ சூடாக்கி, இலையும் துணியும் சுற்றி, வயிற்றிலும் இடுப்பிலும் ஒற்றுவார்கள். அதைத் 'துங்கு' என்பர். மூலிகை கொதிக்கும் பானையின்மேல் உட்கார்ந்து, பாயையோ துணியையோ சுற்றிக்கொண்டு வியர்ப்பதைத் 'தங்காஸ்' என்பர். தோட்டங்களில் தமிழ்ப் பெண்களுக்கு மலாய் மருத்துவச்சியும், மலாய்ப் பெண்களுக்குத் தமிழ் மருத்துவச்சியும் கைகொடுத்த கதைகளை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். யூனானி வைத்தியத்திலும் 'ஹம்மாம்' என்னும் வெந்நீர்க் குளியல் அறை சிகிச்சை முறைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

நமது மாநிலத்தின் மண்ணுக்குள்ளேயே இயற்கை வைத்த வெந்நீரும் இருக்கிறது. அலோர் காஜா மாவட்டத்தில் காடெக்கிலும் செரானா பூத்தேயிலும், ஜாசின் மாவட்டத்தில் பெம்பான் அருகிலும் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. ஆயர் பானாஸ் என்ற ஊர்ப் பெயரே வெந்நீர் என்று பொருள்படும். 1854ஆம் ஆண்டில் மலாக்காவுக்கு வந்த ஆல்பிரட் வாலஸ் என்ற ஆங்கில இயற்கை ஆய்வாளர், லேடாங் மலைக்குப் புறப்படுமுன் அந்த ஆயர் பானாஸில் தங்கியவர். இங்கே எரிமலை கிடையாது. மழைநீர் கருங்கற்பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டால் காய்ந்து, மறு வெடிப்பின் வழியே மேலே வருகிறது. கந்தக வாடை வீசும் அந்நீரில் கால் நனைத்துக்கொண்டு, மூன்று இனத்து முதியோரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பதை விடுமுறை நாட்களில் காணலாம்.

ஆகவே, சூடு இதமளிக்கும் என்பதை நமக்கு எந்த விற்பனையாளரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. புதிதாக வந்திருப்பது சூட்டைக் கொடுக்கும் கருவி மட்டுமே.

அகச்சிவப்புக் கதிர் என்பது யாது?

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானநூல் அறிஞர், சூரிய ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தின் வழியே செலுத்தி வானவில் போன்ற நிறங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியில் சூடு இன்னும் கூடுதலாக ஏறியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரே அகச்சிவப்புக் கதிர்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. வெயிலில் நின்றால் முகத்தில் படும் சூடு, அடுப்பங்கரையில் கரி நெருப்பு தூரத்திலிருந்தே காயும் சூடு, ரொட்டிக் கல்லின் முன் நிற்பவரின் வயிற்றில் அறையும் சூடு ஆகியவற்றில் இக்கதிரே பெரும் பங்கு. நமது உடலும் இரவும் பகலும் இக்கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி அளப்பது இதைத்தான். கோழிப்பண்ணையில் குஞ்சுகளுக்குக் கதகதப்பாகத் தொங்கவிடும் 250 வாட் சிவப்பு விளக்கும், மருந்துக்கடையில் வலிக்கென்று விற்கும் 150 வாட் சிவப்பு விளக்கும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

அகச்சிவப்பு வெப்ப அறைக்கும் பின்லாந்து நாட்டாரின் 'சவுனா' என்னும் வெப்ப அறைக்கும் வேற்றுமை உண்டு. சவுனாவில் கற்களைக் காய்ச்சி அறைக் காற்றை ஏறக்குறைய 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். அகச்சிவப்பு அறையில் சுவரில் உள்ள மின்தகடுகள் கதிரை வீசி உடலை நேராகச் சூடாக்குகின்றன. ஆகையால் அறையின் சூடு 45 முதல் 60 பாகை வரை இருந்தாலே வியர்த்துவிடும். காற்று மூச்சை முட்டுவது குறைவு என்பதே இதில் உள்ள வசதி.

ஆராய்ச்சியாளர் கண்டவை

இனி, மருத்துவ ஆராய்ச்சியில் தெரியவந்தவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துக் கூறுகிறோம்.

முதலாவது, பின்லாந்து. அங்கே குவோப்பியோ வட்டாரத்தில் நடுத்தர வயதுள்ள 2,315 ஆண்களை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கவனித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை சவுனாவுக்குச் சென்றவர்களைவிட, வாரம் நான்கு முதல் ஏழு முறை சென்றவர்களுக்கு இருதய நோயால் வரும் திடீர் மரணம் குறைவாக இருந்தது. இது நல்ல செய்திதான். ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கலாகாது. அது பழைய முறைச் சவுனா, அகச்சிவப்பு அறையன்று. அடிக்கடி சவுனாவுக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே உடல்நலமும் ஓய்வும் உடையவர்களாக இருந்திருக்கவும் கூடும். ஆதலால் சூடு ஒன்றே காரணம் என்று முடிவு கட்ட இயலாது.

இரண்டாவது, ஜப்பான். காகோஷிமா நகரத்து டாக்டர் சூவா தெய் என்பவர் 1989 முதல், இருதயம் பலவீனமான நோயாளிகளை 60 பாகை அகச்சிவப்பு அறையில் 15 நிமிஷம் உட்காரவைத்து, பின் 30 நிமிஷம் கம்பளி போர்த்திப் படுக்கவைத்து, இழந்த நீரைக் குடிக்கக் கொடுக்கும் முறையைக் கையாண்டார். இதற்கு 'வாஓன்' முறை என்று பெயர். 2016இல் வெளியான பல மருத்துவமனைகள் சேர்ந்த ஆய்வில், நோயாளிகள் நடக்கக்கூடிய தூரம் கூடியது. எனினும் அவர்கள் முதன்மையாக அளக்கக் கருதிய இரத்தக் குறியில், இச்சிகிச்சை பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையே உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. அன்றியும், இது மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில், மாத்திரைகளை நிறுத்தாமல் செய்தது. மண்டபத்தில் நாற்காலி போட்டுச் செய்தது அன்று.

மூன்றாவது, ஹாலந்து. மூட்டு வாத நோயாளிகள் 17 பேரையும், முதுகெலும்பு இறுகும் வாத நோயாளிகள் 17 பேரையும் நான்கு வாரங்களில் எட்டு முறை அகச்சிவப்பு அறையில் உட்காரவைத்துப் பார்த்து, 2009இல் எழுதினார்கள். உட்கார்ந்திருந்த நேரத்தில் வலியும் விறைப்பும் குறைந்தன. நோய் மோசமாகவில்லை. ஆனால் அந்தச் சுகம் பிறகும் நிலைத்தது என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குக் கிடைக்கும் படிப்பினை இதுவே: சூடு வலிக்கு இதம் தரும், தசை இறுக்கத்தைத் தளர்த்தும், சிலருக்கு இரத்த ஓட்டத்துக்கு உதவும். நோயின் வேரை அது அறுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

யார் யாருக்குப் பயன்படும்?

செம்பனைத் தோட்டத்தில் நீண்ட கழியில் அரிவாள் கட்டி, அண்ணாந்து குலை வெட்டுகிறவருக்குக் கழுத்தும் தோளும் இறுகும். ரொட்டி வீசுகிறவருக்குத் தோள்பட்டை வலிக்கும். கடையில் நாள் முழுதும் நிற்கிற நம்போன்றோருக்கு இடுப்பு கடுக்கும். இப்படிப்பட்ட தசை வலிக்கு 15 அல்லது 20 நிமிஷச் சூடு நல்ல உதவி. சூட்டுக்குப் பின் உடனே கொஞ்சம் மடக்கி நீட்டிப் பயிற்சி செய்தால் பயன் இரட்டிப்பாகும். காலையில் எழுந்ததும் முழங்கால் விறைத்திருக்கும் முதியோருக்கும், மாதவிலக்கு நாட்களில் அடிவயிறு வலிக்கும் பெண்களுக்கும் இளஞ்சூட்டு ஒத்தடம் ஆறுதல் தரும்.

ஆனால் அடிபட்டுச் சுளுக்கி வீங்கிய இடத்தில் முதல் இரண்டு நாட்கள் சூடு வைக்கலாகாது. வீக்கம் கூடும். அப்போது தேவை குளிர்ந்த ஒத்தடம். சிவந்து கொதிக்கும் மூட்டுக்கும், சீழ் வைத்த கட்டிக்கும், காய்ச்சலில் கிடப்பவருக்கும் சூடு ஆகாது.

ஆவி பிடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கோவிட் தொற்று பரவியபோது பலர் நாள் முழுதும் ஆவி பிடித்தார்கள். ஆவி மூக்கடைப்புக்குச் சற்று இதமளிக்கும். உடலுக்குள் புகுந்த கிருமியை அது கொல்லாது. கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதோ உலகெங்கும் நடக்கிறது. ஆகவே சிறு பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்க வைப்பதை விட்டுவிடுவதே நலம்.

சொல்லப்படுவதும் உண்மையும்

"வியர்வையோடு உடலிலுள்ள நச்சு எல்லாம் வெளியேறுகிறது" என்கிறார்கள். வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்புமே. உடலின் கழிவை அகற்றும் வேலை ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. அவை கெட்டால் வியர்வை அந்த வேலையைச் செய்யாது. செய்யுமானால், வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு இணைந்து கிடக்கும் நம் சகோதரர்களை இந்த வெப்ப நாடே குணப்படுத்தியிருக்கும்.

"ஒரே நாளில் ஒரு கிலோ எடை குறையும்" என்கிறார்கள். குறைவது உண்மை. ஆனால் குறைந்தது தண்ணீர், கொழுப்பன்று. இரண்டு மூன்று குவளை நீர் குடித்ததும் தராசு முள் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

"கதிர் நான்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழம் பாய்ந்து எலும்பைச் சுத்தம் செய்கிறது" என்கிறார்கள். இந்த அறைகளில் உள்ள நெடு அகச்சிவப்புக் கதிர், தோலின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அங்கே உண்டான சூட்டை இரத்தம் சுமந்து உள்ளே கொண்டு செல்கிறது. உப்பு முடிச்சின் சூடும் அதே வழியாகத்தான் உள்ளே போகிறது.

"சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் மாத்திரை இல்லாமலே நீங்கும்" என்கிறார்கள். இதுவே யாவற்றினும் கொடிய சொல். அறையிலிருந்து எழுந்தவுடன் அளந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்துதான் இருக்கும். அதைக் காட்டி "பார்த்தீர்களா!" என்பார்கள். அது தற்காலிகத் தாழ்வு. மாத்திரையை நிறுத்தினால் கொதிப்பு திரும்பவும் ஏறி, பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ முடியலாம்.

சர்க்கரை நோயும் மரத்துப்போன காலும்

இப்பாடத்தில் நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது இப்பகுதியையே. 2023ஆம் ஆண்டில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு, அஃதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இந்தியர் மத்தியில் இது மற்ற இனத்தாரைவிட அதிகம். நெடுநாள் சர்க்கரை, கால் நரம்புகளைக் கெடுத்து உணர்வை மழுக்கிவிடுகிறது. சூடு சுட்டால் காலை இழுத்துக்கொள்ளச் செய்வது அந்த உணர்வுதான். உணர்வு போனபின் காவலும் போய்விடுகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர் முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பின் பிள்ளைகளோடு தாமானில் குடியிருந்தார். கால் இரண்டும் பஞ்சின்மேல் நடப்பதுபோல் மரத்திருந்தன. "இரத்த ஓட்டம் திரும்பும்" என்று யாரோ சொல்லி விற்ற சிவப்பு விளக்கை வாங்கி, மாலை வேளையில் தொலைக்காட்சி பார்த்தபடி காலுக்கு வைத்துக்கொண்டார். மறுநாள் காலை பாதத்தில் கொப்புளங்கள். புண் ஆறவில்லை. முடிவில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய துணைவியார் கடைக்கு வந்தபோது சொன்ன வார்த்தை நம் நெஞ்சில் தைத்தது: "சூடே தெரியலைன்னாரு பாய். அதனாலதான் விளக்கை இன்னும் கிட்ட நகர்த்தி வச்சோம்."

சகோதர சகோதரிகளே, அந்த அம்மையார் சொன்னதைச் சற்றுச் சிந்தியுங்கள். சூடு தெரியவில்லை என்பது விளக்கில் உள்ள குறையன்று, காலில் உள்ள நோயின் அறிகுறி. சூடு தெரியாத காலுக்குச் சூடே வைக்கலாகாது. ஒத்தடமும் கூடாது, வெந்நீர்ப் பாத்திரமும் கூடாது, காடெக்கின் வெந்நீர்த் தொட்டியும் கூடாது. பழைய தொழுநோயாலோ பக்கவாதத்தாலோ உணர்விழந்தவர்க்கும் இதே விதி.

காலில் உணர்வு இருக்கிறதா என்று அறிவது எளிது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதிப்பார்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட். ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கருவி வாங்குமுன் அந்த ஒரு ரிங்கிட்டைச் செலவிடுங்கள்.

விலகியிருக்க வேண்டியவர்கள்

கீழ்க்கண்டோர் வெப்ப அறையிலும் மின்கம்பளத்திலும் மருத்துவரைக் கேளாமல் புகலாகாது:

1. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி உடையவர்கள், இருதய வால்வு சுருங்கியவர்கள்.

2. கர்ப்பிணிகள். முதல் மூன்று மாதங்களில் தாயின் உடற்சூடு மிகுவது கருவுக்கு ஆபத்து.

3. நீர் பிரியும் மாத்திரையோ இரத்த அழுத்த மாத்திரையோ உண்பவர்கள். எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழக்கூடும்.

4. சிறுநீரக நோயாளிகள், சிறு குழந்தைகள், தள்ளாத முதியோர்.

5. குழந்தைப் பேற்றை எதிர்பார்க்கும் ஆடவர். மிகுந்த சூடு விந்தணுவைத் தற்காலிகமாகக் குறைக்கும்.

6. தோலில் திறந்த புண் உள்ளவர்கள்.

நோன்பு நோற்றிருக்கும் பகற்பொழுதில் வியர்வைச் சிகிச்சை எவருக்கும் வேண்டாம். இழந்த நீரை மாலை வரை ஈடுசெய்ய இயலாது.

நம் நாட்டின் தட்பவெப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பின்லாந்தில் வெளியே பனி. சவுனாவிலிருந்து வெளிவந்ததும் உடல் ஆறிவிடும். மலாக்காவிலோ வெளியே 32 பாகையும் ஈரக் காற்றும். வியர்வை உலராமல் வழிவதால் உடல் ஆற நேரமாகும். சூட்டின் கடுமை எத்தகையது என்பதை நம் சமுதாயம் 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது கண்டது. கடும் வெயில் அடித்த அந்த ஹஜ்ஜில் 1,300க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும், அவர்களில் பெரும்பாலோர் நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் சவூதி அரசாங்கம் அறிவித்தது. உடற்சூடு 40 பாகைக்கு மேல் ஏறி, பேச்சுக் குழறி, மனம் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. உடனே குளிர்ந்த நீரால் உடலை நனைத்து, விசிறி, 999 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய முறை

ஆரோக்கியமுள்ளவர் வெப்ப அறையில் உட்கார விரும்பினால், முதன்முறை 10 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். பழகிய பிறகும் 15, 20 நிமிஷம் போதும். முன்னும் பின்னும் தண்ணீர் பருகவும். தனியாக வீட்டில் எவரும் இல்லாதபோது புக வேண்டாம். வயிறு நிறைய உண்டவுடன் புக வேண்டாம். தலை கனத்தாலும், குமட்டினாலும், நெஞ்சு படபடத்தாலும் உடனே வெளிவந்து படுத்துவிடவும். எழும்போது மெல்ல எழவும்.

சிவப்பு விளக்கை உடலுக்கு ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்தில் வைக்கவும். கருவியோடு வந்த குறிப்பு அதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அதன்படியே செய்யவும். விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம். கண்ணாடி உருக்கும் தொழிலாளருக்கும் கொல்லருக்கும் பல்லாண்டு இக்கதிர் பட்டுக் கண்புரை வருவதை வைத்தியர்கள் நெடுநாளாக அறிவார்கள். மருந்தெண்ணெய் தடவிய இடத்தில் சூடு வைக்க வேண்டாம். தோல் வெந்துவிடும். விளக்கை எரியவிட்டு உறங்குவது பெருந்தீங்கு. நாள்தோறும் ஒரே இடத்தில் சூடு வைத்து, தோலில் வலைபோல் பழுப்புக் கோடுகள் தோன்றினால், உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டவும்.

வெந்நீர் ஊற்றுக்குச் செல்வோர் முதலில் முழங்கையால் நீரைத் தொட்டுப் பார்க்கவும். விரலைவிட முழங்கைத் தோல் சூட்டைச் செவ்வையாகச் சொல்லும். ஊற்றின் வாயருகே நீர் மிகக் கொதிப்பாக இருக்கும். பிள்ளைகளைக் கைப்பிடியிலேயே வைத்திருக்கவும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

நமது நாட்டில் 1956ஆம் ஆண்டு முதல் மருந்து விளம்பரச் சட்டம் ஒன்று இருக்கிறது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய், ஆஸ்துமா, பக்கவாதம் முதலிய இருபது நோய்களைத் தீர்ப்பதாக மருந்துக்கோ கருவிக்கோ பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. மருத்துவக் கருவிகளுக்கெனத் தனிச் சட்டமும் 2012இல் இயற்றப்பட்டது. அதன்படி மருத்துவக் கருவி ஆணையத்திடம் பதிவு பெற்ற பின்னரே அத்தகைய கருவியை விற்க வேண்டும்.

ஆகவே விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். "இது மருத்துவக் கருவியானால் பதிவு எண் என்ன? இன்ன நோயைத் தீர்க்கும் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருவீர்களா? சரிப்படாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா?" நேர்மையான வியாபாரி மூன்றுக்கும் முகம் கொடுத்துப் பதில் சொல்வார். மற்றவர் பேச்சை மாற்றுவார். பொய் சொல்லி விற்பது நிறையைக் குறைத்து விற்பதற்கு ஒப்பு. வாங்குகிறவர் நோயாளியாக இருந்தால் அது இருமடங்கு அநீதி.

வசதி உள்ளவர் இதம் கருதி ஒரு வெப்ப அறைக்குச் செலவிடுவதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நகையை அடகு வைத்து வாங்க வேண்டிய பொருள் இதுவன்று. தசை வலிக்கு அடுப்படியில் ஒரு கை உப்பும் பழந்துணியும் இருந்தால் போதும். நாட்பட்ட மூட்டு வலிக்கு அரசாங்க மருத்துவமனைகளில் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கே சூடும் வைப்பார்கள், சூட்டுக்குப் பின் செய்ய வேண்டிய பயிற்சியும் கற்பிப்பார்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இப்பாடத்தைப் படித்துக் காட்டுமாறு வாலிபர்களைக் கேட்டுக்கொள்கிறோம். படித்து முடித்ததும் அவர்களுடைய பாதங்களை ஒருமுறை கையால் தடவி, "தொடுவது தெரிகிறதா?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் விளக்கை அப்புறப்படுத்திவிட்டு, மறுநாளே அவர்களைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.